ஊர் முழுக்கத் தாய்மாமன்

உடன்பிறந்தவர்கள் பகையாளிகள் ஆவதற்கு இந்த மண்ணில் காரணத்துக்கா பஞ்சம்? வரப்பு ஒரு முழம் நகரும். வாய்க்கால் தண்ணீர் முறை மாறும். அது போதும், இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். ஆனால் நல்லகாமனும் ஜெயபாண்டியும் அப்படிப்பட்ட அற்பக் காரணங்களுக்காகப் பிரியவில்லை. ஒரு பிளக்ஸ் போர்டில் யார் முகம் பெரிது என்னும் மாபெரும் கொள்கைக்காகப் பிரிந்தார்கள்.

நல்லகாமன் மூத்தவர். நாகமலை புதுக்கோட்டையில் தென்னந்தோப்பும் டிராக்டரும் மீசையும் உடையவர். ஜெயபாண்டி அடுத்தவர். சிம்மக்கல்லில் பிளக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். இவர்களுக்கு இளையவர்கள் இரண்டு தங்கைகள்: மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் முனீஸ்வரி, கடைக்குட்டி பாண்டிமீனா. முனீஸ்வரி திருநகரில் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது ஜெயபாண்டி தம் கடையிலேயே அச்சடித்து ஒரு போர்டு மாட்டினார். அதில் அண்ணன் முகம், தம்பி முகத்தைவிடக் கட்டைவிரல் அகலம் சிறுத்துப்போயிருந்தது.

"என்னடா, ஓம் மூஞ்சி எம் மூஞ்சியவிடப் பெருசா?" என்று அண்ணன் கேட்டார்.

"போட்டோ எடுக்கயில நீ தள்ளி நின்னா அதுக்கு நான் என்னண்ணே செய்ய?" என்று தம்பி சொன்னார்.

அன்று நின்றது பேச்சு. அதற்குப் பிறகு ஒருவர் இருக்கும் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிப்பதில்லை. ஒருவர் ஏறிய பேருந்தில் மற்றவர் ஏறுவதில்லை. வருடங்கள் ஓடின, கட்டைவிரல் அகலம் கடல் அகலம் ஆயிற்று.

அண்ணன் தம்பி சண்டையில் நசுங்கியது யார்? எப்போதும்போல ஒரு பெண்தான். முனீஸ்வரிக்குத் தென்னவன் என்று ஒரு மகன் பிறந்தான். அவனுக்குக் காது குத்த வேண்டும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அது முறை. தாய்மாமன்களோ இருவர். ஒருவர் மடி கொடுத்தால் மற்றவர் வரமாட்டார்; ஒருவர் வராவிட்டாலோ, "ஒன் பெறந்த வீட்டு லட்சணம் இம்புட்டுத்தானா?" என்று புகுந்த வீடு கேட்கும். இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் நின்றுபோயிற்று. பிள்ளையோ வளர்ந்துகொண்டே போனான். காது குத்த வந்தவரின் ஊசியைப் பிடுங்கி அவர் காதிலேயே திருப்பிக் குத்தும் வயதை அவன் எட்டிவிடுவானோ என்று முனீஸ்வரி அஞ்சினாள்.

"பாண்டி, நீதான்டி எதாச்சும் செய்யணும். இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா நான் எங்க மாமியா மூஞ்சில முழிக்க முடியாது" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பாண்டிமீனா நாகமலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவள்; வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை நிறுவனத்துக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பவள். பேச்சுப்போட்டி மேடைகளில் பிறப்பால் வரும் பெருமையைப் பிய்த்து எறிந்து கோப்பைகள் வாங்கியவள். அழும் அக்காவைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த மேடை எழுந்து நின்றது.

"அழாதக்கா. மனுசன் கை பட்டாத்தான் மூஞ்சி சிறுசாகும், பெருசாகும். மனுசன் கையே படாத போர்டு ஒண்ணு அடிக்கிறேன். போட்டோவ வாங்குறது, அடுக்குறது, பேரு போடுறது எல்லாத்தையும் புரோகிராமே செய்யும். அதுக்கு அண்ணனும் தெரியாது, தம்பியும் தெரியாது."

முதலில் நல்லகாமனிடம் போனாள். அவர் தோப்பில் நின்று நெடுநேரம் மீசையை நீவியபடி யோசித்தார்.

"கம்ப்யூட்டரு போடுற போர்டுன்னா வாரேன். அந்தப் பய கை ஒரு புள்ளி பட்டுச்சுன்னு தெரிஞ்சாலும் மண்டப வாசல்லயே டிராக்டரத் திருப்பிருவேன். சொல்லிப்புட்டேன்."

பிறகு சிம்மக்கல் கடைக்குப் போனாள். ஜெயபாண்டி மை படிந்த கையை உதறினார்.

"அவருக்கு மூத்த தாய்மாமன்னு போட்டு எனக்கு எளைய தாய்மாமன்னு போட்டேன்னு வையி, மெஷின ஆஃப் பண்ணிட்டுப் படத்துக்குப் போயிருவேன். ரெண்டு பேருக்கும் ஒரே பட்டம்தான். ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது."

"மடிக்கு என்ன செய்யண்ணே?"

"காது ரெண்டுல்ல? ஆளுக்கு ஒண்ணு."

இதைத் தோப்புக்குத் திரும்பப் போய்ச் சொன்னபோது நல்லகாமனும் தலையசைத்தார். எந்தக் காது முதலில் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது என்று பாண்டிமீனாவும் விட்டுவிட்டாள்.

புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். அதில் எல்லோருக்கும் பொதுவாக 'உறவினர்' என்று ஒரு வகுப்பு, அதாவது ஆட்களை வார்த்தெடுக்கும் ஓர் அச்சு. பெயர், ஊர், படம், பட்டம் ஆகியவை ஓர் உறவினருக்கு இருக்கும் என்று அது சொல்லும். அந்த வகுப்புக்குப் பிள்ளைகளாகப் பங்காளி, மாமன், சம்பந்தி, நண்பர் என்று நான்கு வகுப்புகள். தாய் வகுப்பில் இருப்பதெல்லாம் பிள்ளை வகுப்புகளுக்குக் கேட்காமலே வந்துசேரும். இதைத்தான் கணினிக்காரர்கள் இன்ஹெரிடன்ஸ் என்கிறார்கள். வக்கீல் வைக்காமல், வாய்தா கேட்காமல், பத்திரத்தில் கைநாட்டு வைக்காமல் சொத்து கைக்கு வரும் ஒரே இடம் இந்த நாட்டில் அதுதான்!

பட்டத்தை எழுதும்போதுதான் அவளுக்கு அந்த ஒளி பிறந்தது. ஆளுக்கு ஒரு பட்டம் என்று தனித்தனியே வைத்தால், நாளை யாராவது கடையில் உட்கார்ந்து ஒருவருடையதை மட்டும் மாற்றிவிட முடியும். ஆகவே அதை 'ஸ்டேட்டிக்' ஆக்கினாள். ஸ்டேட்டிக் ஆனது ஆளுக்கு ஒன்றாக இராது. வகுப்பு முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருக்கும். ஒருவருக்கு மாற்றினால் அத்தனை பேருக்கும் மாறும். இனி அண்ணனுக்கு ஒரு பட்டம், தம்பிக்கு ஒரு பட்டம் என்று எந்தக் கொம்பனும் போட முடியாது. சமத்துவத்தைச் சட்டமாக்கிவிட்ட மகிழ்ச்சியில் அவள் இரண்டு அண்ணன்களின் பழைய படங்களை மட்டும் போட்டுச் சோதித்தாள். ஒரே அளவு முகம்; கீழே ஒரே பட்டம்: தாய்மாமன். கைதட்டினாள்.

உறவினர்கள், நண்பர்கள், பந்தல் சமையல் வேலைக்காரர்கள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கைபேசியில் தங்கள் படங்களை அனுப்பினார்கள். கூலிங்கிளாஸ் போட்டவர்கள், காளையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், கல்யாணப் படத்தில் மனைவியைப் பாதி வெட்டி அனுப்பியவர்கள் என்று வந்து குவிந்தன. அண்ணன் தம்பி படங்கள் மட்டும் வரவில்லை. "அவன் அனுப்பட்டும்" என்றார் ஒருவர்; "அவரு அனுப்பட்டும்" என்றார் மற்றவர். கடைசியில், கெடு முடியும் மாலையில், இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். புரோகிராம் அவற்றை வாங்கியது; போர்டை அடுக்கியது; ஒவ்வொருவருக்கும் அவரவர் படமும் பட்டத்துக்கேற்ற வாசகமும் போட்டு ஓர் அழைப்பு அட்டையை அனுப்பியது; போர்டைச் சிம்மக்கல் கடையின் இயந்திரத்துக்குத் தள்ளிவிட்டது. எல்லாம் மனிதக் கை படாமல் நடந்தது. பாண்டிமீனா நிம்மதியாக உறங்கினாள்.

மறுநாள் காலை திருநகர் மண்டபத்தில் முதலில் வந்து இறங்கியவர் கிருபாகரன் சார். முனீஸ்வரியோடு அதே பள்ளியில் வேலை பார்க்கும் அறிவியல் ஆசிரியர். பட்டு வேட்டியில் வந்தார். பின்னால் அவர் மனைவி ஆனிமேரி ஒரு பெரிய தாம்பாளத்தில் பிளம் கேக்கை ஏந்தி வந்தாள். அதன் இரு பக்கமும் வெற்றிலை பாக்கு.

"வாங்க சார். எதுக்கு இம்புட்டுப் பெரிய கேக்கு?" என்றாள் பாண்டிமீனா.

"சீர்வரிசைம்மா" என்று அவர் நாணத்தோடு சொன்னார். "எங்க வீட்டுல இந்த முற கெடையாது. பாஸ்டர்கிட்டக் கேட்டேன். புள்ளைக்கு மடி குடுக்குறது அன்பின் செயல்தான், போயிட்டு வாங்கன்னுட்டாரு. எங்கள அம்புட்டு நெருக்கமா நெனைச்சீங்களே, அது போதும்மா. இவ ராத்திரியெல்லாம் அழுதுட்டா."

"மடியா?"

கிருபாகரன் கைபேசியை நீட்டினார். அவர் படம் போட்ட அட்டையில் இப்படி எழுதியிருந்தது: 'தாய்மாமன் திரு. கிருபாகரன் அவர்கள் சீர்வரிசையுடன் வருகை தந்து, மடி கொடுத்துச் சிறப்பிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.'

பாண்டிமீனாவின் காதுக்குள் ஏதோ ஒன்று குத்தியது. அவள் வாயைத் திறப்பதற்குள் சமையல்காரர் கருத்தக்கண்ணன் வந்து நின்றார். பிரியாணி அண்டாவின் முன்னே இருக்க வேண்டியவர், நெற்றி நிறையத் திருநீறும் கையில் ஒரு சேவலுமாக நின்றார்.

"ஆத்தா, அடுப்ப மச்சினன்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன். எத்தன விசேசத்துக்கு ஆக்கிப் போட்டுருக்கேன், ஒரு பய உக்காந்து சாப்டுங்கன்னு சொன்னதில்ல. நீ என்னைய தாய்மாமனாவே ஆக்கிட்ட! மடி எங்கிட்டு, சொல்லு. உக்காந்துர்றேன்."

"அண்ணே, ஒரு நிமிசம்..."

அந்த நிமிடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. கிழக்கே ஒரு சீர்வரிசை, மேற்கே ஒரு சீர்வரிசை, ஆட்டோவில் ஒன்று, டவுன் பஸ்ஸில் இறங்கி நடந்துவந்தது ஒன்று. ஆட்டுக்கிடாயோடு வந்தார் சம்பந்தி முறைக்காரர் ஒருவர். மூன்று சக்கர சைக்கிளோடு வந்தார் எதிர்வீட்டுக்காரர். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் தட்டை மற்றவர் உற்றுப்பார்த்தார்கள். அட்டை வந்த நேரம் முதல் அத்தனை பேரும் மற்ற விருந்தாளிகளிடம் வாயே திறக்கவில்லை. அந்தப் பெருமை தமக்கு மட்டுமே வந்தது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். வெளியே சொன்னால் எவனாவது பங்குக்கு வந்துவிடுவான் என்று கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். பெருமைப்பசி என்பது எப்படிப்பட்ட பசி பாருங்கள்! பிரியாணி மணத்தைக்கூட அது மூக்குக்கு எட்டவிடவில்லை.

பாண்டிமீனா வாசலுக்கு ஓடினாள். அவள் இருட்டோடு வந்தபோது இல்லாத போர்டு இப்போது வானளாவ நின்றது. நடுவில் தென்னவன், சிரிப்போடு. அவனைச் சுற்றி அத்தனை முகங்களும் ஒரே அளவில், ஒரு நூல் பிசகாமல். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே, தடித்த மஞ்சள் எழுத்தில், தாய்மாமன். பிள்ளையின் தகப்பன் அசோக்குமாருக்குக் கீழே தாய்மாமன். பெற்றவள் முனீஸ்வரிக்குக் கீழே தாய்மாமன். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், ஆட்டுக்கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அத்தனை பேரும் தாய்மாமன்.

பார்த்த கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டேட்டிக் பட்டத்தை அவள் மாமன் வகுப்புக்குள் அல்லவா எழுதியிருக்க வேண்டும்? எல்லோருக்கும் தாயான உறவினர் வகுப்புக்குள் எழுதிவிட்டாள். அந்த ஒற்றைப் பட்டம்தான் நான்கு பிள்ளை வகுப்புகளுக்கும் பொதுச் சொத்தாகப் போய்ச்சேர்ந்தது. கடைசியாக அதில் எது எழுதப்படுகிறதோ அதுவே அனைவருக்கும் பட்டம். கடைசியாக வந்த படங்களோ அண்ணன் தம்பியுடையவை!

கடையில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சுருளியைக் கைபேசியில் அழைத்தாள்.

"சுருளியண்ணே, அடிக்கயில ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுச்சுத்தா. ஒங்க மச்சான் படத்துக்கு அடில தாய்மாமன்னு வரவும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஆனா மொதலாளி சொல்லிருக்காரு, மனுசக் கை படவே கூடாதுன்னு. பட்டுச்சுன்னா பெரியவரு டிராக்டரத் திருப்பிருவாராம்ல. அதான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்."

கைபேசியை வைப்பதற்குள் அசோக்குமார் பின்னால் வந்து நின்றார். மனிதர் நல்லவர், எதற்கும் கோபப்படத் தெரியாதவர். இப்போது கோபப்பட முயன்றுகொண்டிருந்தார். "மீனா, நான் தென்னவனுக்குத் தாய்மாமன்னா முனீஸ்வரி எனக்கு என்ன முறை ஆகுது? வந்ததுல இருந்து அத யோசிச்சு யோசிச்சு மண்ட காயுது. அவகிட்டக் கேக்கவும் பயமா இருக்கு."

அவருடைய அண்ணன் முத்திருளன் அதைவிட ஆழமாக யோசித்திருந்தார். வாசலில் நின்று துண்டை உதறினார். "நான் பங்காளிடா! எம் மக இந்தப் பயலுக்கு அக்கா முற. என்னைய மாமனாக்கிட்டா அவ முறைப்பொண்ணாயிருவாளே! காலேஜுல படிக்கிற புள்ளடா அவ! இவன் இன்னும் சட்டையிலயே ஒண்ணுக்கு இருக்கான். இந்த அக்கிரமத்த எங்க போய்ச் சொல்ல?"

"பெரிய மாமா, அது ஒரு வரித் தப்பு..."

"ஒரு வரியா? ஒரு வம்சத்தையே பொரட்டிப் போட்டுருக்க!"

அப்போது டிராக்டர் வந்தது.

நல்லகாமன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தார். பின்னால் டிரெய்லர் நிறையத் தட்டுகள், வாழைத்தார்கள், மாலைகள், மேளம். போர்டைப் பார்த்தார். தம் முகத்தைக் கண்டார், தம்பி முகத்தைக் கண்டார், அளவு சரி. மீசை மலர்ந்தது. பிறகு எழுத்துக்களைப் படித்தார். மேலிருந்து கீழாகப் படித்தார். மறுபடி கீழிருந்து மேலாகப் படித்தார். மீசை சுருங்கியது. டிராக்டரைப் பின்னுக்கு எடுக்கக் கியரில் கை வைத்தார்.

முனீஸ்வரி மண்டபத்துக்குள்ளிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணே! போயிராதண்ணே!" பிள்ளை டிராக்டரைப் பார்த்துக் கைகொட்டியது. டிராக்டர் ஒரு முழம் பின்னுக்கு நகர்ந்தால் போதும். மூன்றாவது முறையும் காது குத்து நின்றுவிடும்.

சரியாக அந்த நேரத்தில் பக்கத்துச் சந்திலிருந்து ஜெயபாண்டியின் சீர்வரிசை வந்துசேர்ந்தது. அவரும் போர்டைப் பார்த்தார். அவருடைய கடையில், அவருடைய மையில், அவருடைய இயந்திரத்தில் அச்சான போர்டு! வாய் பிளந்தார். டிராக்டரின் பக்கத்தில் போய் நின்றார். அத்தனை வருட மௌனத்தை உடைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணே, சமையக்காரனும் நம்மளும் ஒண்ணாண்ணே?"

நல்லகாமன் கியரிலிருந்து கையை எடுத்தார். "அதத்தான்டா தம்பி நானும் பாக்குறேன். மைக்செட்டுக்காரன்கூட மாமனாம்ல. இவ என்ன செஞ்சு வச்சிருக்கா பாத்தியா?"

"படிச்சா அறிவு வரும்னு இவளப் படிக்க வச்சோமே, நம்மளச் சொல்லணும்."

"நீ அங்கயே நில்லு, நான் எறங்கி வாரேன். ரெண்டு பேருமாப் போயிக் கேப்போம்."

இறங்கிவிட்டார்! தோளோடு தோள் உரசி இருவரும் தங்கையை நோக்கி வந்தார்கள். இருவர் விரலும் ஒருசேர நீண்டன. இருவர் வசவும் ஒருசேர விழுந்தது. முனீஸ்வரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாண்டிமீனா வசவை வாங்கிக்கொண்டே அண்ணன்மாரின் உரசும் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைக்க வாங்கு. தப்பு நடந்துபோச்சு, நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான் தாய்மாமன், மத்தவுக எல்லாரும் தட்ட வச்சுட்டுப் பந்தில உக்காருங்கன்னு சொல்லு" என்றார் நல்லகாமன்.

"சரிண்ணே, சொல்லிர்றேன்."

"சொல்லிட்டு நேரா ஆசாரியக் கூப்புடு. வலது காதுதான் மொதல்ல குத்தணும். அது எம் மடில."

ஜெயபாண்டி நின்றார். "அதென்ன, வலது காது ஒன் மடி?"

"மூத்தவன்டா நானு."

"போர்டுல மூத்த, எளையன்னு எங்கிட்டுப் போட்டிருக்கு? ரெண்டு பேரும் ஒண்ணுன்னுதான பேச்சு? மொதக் காது எம் மடில. இல்லன்னா நான் கெளம்புறேன்."

"கெளம்பேன்டா! ஒனக்கு முன்னாடி எம் டிராக்டரு கெளம்பும்."

நூலளவு இடைவெளியில் இருந்த தோள்கள் மறுபடியும் கெஜக்கணக்கில் விலகின. நல்லகாமன் டிராக்டரை நோக்கி நடந்தார். ஜெயபாண்டி தட்டுத் தூக்கியவர்களைத் திரும்பச் சொன்னார். முனீஸ்வரி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

மைக் பாண்டிமீனாவின் கையில் இருந்தது. என்ன நடந்தது இங்கே? ஐம்பது பேரும் மாமன் என்றிருந்தபோது இந்த இருவரும் கூட்டாளிகள். இருவர் மட்டுமே மாமன் என்று ஆகப்போகிறது என்றதும் பகையாளிகள். பெருமையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றினால் இருவர் அடித்துக்கொள்கிறார்கள். கடலில் ஊற்றினால் அடித்துக்கொள்ள ஆளில்லை. சரியாக எழுதப்பட்டிருந்தால், அந்தப் புரோகிராம் இந்தக் காது குத்தைக் காலையிலேயே கொன்றிருக்கும். தப்புதான் அதை இதுவரை உயிரோடு வைத்திருந்தது. அவள் நாற்காலி ஒன்றின்மேல் ஏறினாள்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க! அண்ணே, நீயும் நில்லு. ஒன்னத்தான், டிராக்டர்ல கால் வைக்காத!"

மேளம் நின்றது. சேவல் மட்டும் ஒருமுறை கத்தியது.

"போர்டுல தப்பு இருக்குன்னு எல்லாரும் சொல்றாக. தப்புத்தான். நான் எழுதுன தப்பு. நம்ம தெருவுக்கெல்லாம் பொதுவா ஒரு தண்ணித்தொட்டி இருக்குல்ல? அதுல ரோஸ்மில்க்க ஊத்துனா என்னாகும்? எல்லா வீட்டுக் கொழாயிலயும் ரோஸ்மில்க்கு வரும். நான் எங்க அண்ணன்மாரு வீட்டுத் தொட்டில மட்டும் ஊத்தியிருக்கணும். கை தவறி ஊருத் தொட்டில ஊத்திப்புட்டேன். அதான் ஒங்க அம்புட்டுப் பேரு கொழாயிலயும் தாய்மாமன் வந்துருச்சு."

கூட்டம் சிரித்தது. கருத்தக்கண்ணன் சேவலின் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு ரோஸ்மில்க்கு நல்லாத்தான்த்தா இருக்கு" என்றார்.

"தப்பத் திருத்து, திருத்துன்னு சொல்றாக. இன்னைக்குத் திருத்த மாட்டேன்! இத்தன பேரும் மாமன்னு இருந்தப்ப எங்க ரெண்டு அண்ணன்மாரும் ஒண்ணாச் சேந்து என்னைய வஞ்சாக. வருசக்கணக்கா ஒரு வார்த்த பேசாதவுக, ஒரே மூச்சுல வஞ்சாக. காதுல தேன் பாஞ்ச மாதிரி இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான்னு சொன்ன அடுத்த நிமிசமே, ஒத்தக் காதுக்கு அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சுட்டாக. அதனால போர்டு போர்டாவே இருக்கட்டும். கிருபாகரன் சாரு கேக்கோட தாய்மாமனா இருக்கட்டும். பெறப்புல வந்தவுக பெறப்புல இருக்கட்டும். பாசத்துல வந்தவுக பாசத்துல இருக்கட்டும். யாரு தட்டையும் கீழ வைக்க வேணாம்!"

கைதட்டல் எழுந்தது. முத்திருளன் மட்டும் கைதட்டவில்லை. "எல்லாஞ் சரி. அம்பது மாமனும் மடிய விரிச்சு உக்காந்தா, பயல எந்த மடில வைக்கிறது? அதச் சொல்லு!"

பாண்டிமீனா மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். ஐம்பது மாமன்களும் அவரவர் மடியைப் பார்த்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். யாரோ ஒருவர் மெல்ல முன்னால் நகர்ந்தார். உடனே இன்னொருவர் நகர்ந்தார். ஆட்டுக்கிடாய்க்காரர் கிடாயைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு ஓடத் தயாரானார்.

முனீஸ்வரி பிள்ளையை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றினாள்.

"போர்டுல எம் படமும் இருக்குல்ல?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

"இருக்கு" என்றார்கள்.

"அடில என்ன போட்டிருக்கு?"

ஐம்பது தலைகளும் மேலே நிமிர்ந்தன. கிருபாகரன் சார்தான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "தாய்மாமன்."

"அப்ப வழிய விடுங்க" என்று சொல்லி உள்ளே நடந்து, ஆசாரி போட்டுவைத்திருந்த மணைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் வைத்தாள்.

"பெத்தவ மடில வச்சுக் காது குத்துறதா? எந்த ஊர்ல நடந்துருக்கு?" என்று முத்திருளன் கூவினார்.

"பெத்தது எந்த மடில மாமா? ஒங்க மடிலயா?"

மண்டபம் அதிரச் சிரித்தது. ஆனால் பாண்டிமீனா சிரிக்கவில்லை. அவள் வாசலைப் பார்த்தாள். நல்லகாமன் ஒரு காலை டிராக்டரின் படியில் வைத்தபடி நின்றார். ஜெயபாண்டி சந்து முனையில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்தார்கள்.

"அவ மடின்னா, ஒன் மடி இல்லைல?" என்று நல்லகாமன் கேட்டார்.

"ஒன் மடியும் இல்லைல?" என்று ஜெயபாண்டி கேட்டார்.

"இல்ல."

"அப்பச் சரி."

"எனக்கும் சரி."

இருவர் முகத்திலும் வெற்றி பொங்கியது! தாம் பெறாததற்காக இருவரும் வருந்தவில்லை; மற்றவர் பெறவில்லை என்பதற்காகக் களித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள்.

ஆசாரி ஊசியைத் துடைத்தார். "எவுக மடியாவும் இருக்கட்டும், பய தலைய ஆட்டுனான்னா காது கிழிஞ்சுரும். ரெண்டு பக்கமும் கெட்டியாப் புடிக்க ஆள் வேணும்."

நல்லகாமன் தலையைப் பிடித்தார். ஜெயபாண்டி கால்களைப் பிடித்தார். ஊசி வலது காதில் இறங்கியது. தென்னவன் மதுரை முழுக்கக் கேட்கும்படி ஓர் அலறல் அலறினான். அடுத்த கணம், தட்டுகளோடும் சேவலோடும் கேக்கோடும் சுற்றி நின்ற ஐம்பது பேரும், ஏற்ற பொறுப்பை மறவாமல், ஒரே குரலில் உருகினார்கள்:

"அழாத மாப்ள!"

பிள்ளை திடுக்கிட்டு அலறலை நிறுத்தியது. வாய் திறந்தபடியே சுற்றிலும் பார்த்தது. தன்னை மாப்ள என்று அழைத்தவர்களில் தன் தகப்பனும் இருப்பதைக் கண்டு கண்களை அகல விரித்தது. அந்த வியப்பு தீர்வதற்குள் ஆசாரி இடது காதையும் முடித்துவிட்டார்.

பிறகுதான் அவன் அழுதான். காலை உதறி ஓர் உதை விட்டான். அது நேரே நல்லகாமனின் மீசையில் விழுந்தது.

"ஏன்டா, ஒரு சின்னப் பய காலப் பிடிக்கத் தெரியாதாடா ஒனக்கு?"

"நீ தலையப் பிடிச்ச லட்சணத்துக்குத்தான்ணே அவன் ஒதைக்கிறான்!"

"எங்கடா தலையச் சரியாப் பிடிக்கல? வா, பிரியாணி வேகுற வரைக்கும் ஒனக்குப் பிடிச்சுக் காட்டுறேன். எங்க, ஒன் தலையக் குடு!"

முனீஸ்வரி பிள்ளையின் காதில் மஞ்சள் தடவிக்கொண்டே தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். பாண்டிமீனா கையில் இருந்த மைக்கை ஆஃப் செய்தாள். அண்ணன்மார் இருவரும் ஒருவர் தலையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நடுவில் யாரும் வராதபடி, உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.